மேல் கம்பி: பிளேரியோ விமானங்களின் இறக்கை முறிவுகள் 1910–1912, ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

பிரான்ஸின் ஆரம்பகால விமானத் தொழிற்சாலை ஒன்றில் நடந்தது இது. அவர்கள் செய்த ஒற்றை இறக்கை விமானம் (இருபுறமும் ஒரே அடுக்கு இறக்கை) ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி உலகப் புகழ் பெற்று ஆறு மாதம் முடியவில்லை, அதே ரகத்தில் பறந்த ஒருவர் இறக்கை முறிந்து விழுந்து இறந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதே மாதிரி வேறு விபத்துகளும் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார்கள், ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஏதாவது ஒன்றைப் பலப்படுத்தினார்கள். முறிவு மட்டும் நிற்கவில்லை. கோளாறு இருந்த இடமே வேறு என்று 1912-ல்தான் தெரிந்தது.

இறந்த விமானிகளின் பெயர்களும் ராணுவ அதிகாரிகளின் பெயர்களும் இங்கே வேண்டாம் என்று விட்டிருக்கிறேன். தவறு எப்படி மறைந்து நின்றது என்பதுதான் கேள்வி, யார் விழுந்தார் என்பதல்ல. நிறுவனர் பெயரை மட்டும் மறைக்க வழியில்லை, கம்பெனியின் பெயரே அதுதான்.

பின்னணி: முகப்பு விளக்கு விற்ற பணம்

லூயி பிளேரியோ 1872-ல் வட பிரான்ஸின் காம்ப்ரே நகரில் பிறந்தவர். பாரிஸில் பொறியியல் படித்துவிட்டு, அப்போது புதிதாக ஓடத் தொடங்கியிருந்த கார்களுக்கு அசிட்டிலீன் முகப்பு விளக்கு செய்து விற்றார். வியாபாரம் நன்றாக ஓடியது. வந்த லாபமெல்லாம் பறக்கும் ஆசைக்குப் போனது.

1905-ல் இன்னொரு விமான முன்னோடியான காப்ரியேல் வுவாசனோடு சேர்ந்து மிதவை பொருத்திய ஒரு கிளைடரைச் செய்தார். சேன் நதியில் மோட்டார் படகில் கட்டி இழுத்தபோது அது கவிழ்ந்தது. உள்ளே இருந்த வுவாசன் மயிரிழையில் பிழைத்தார். கூட்டு 1906-லேயே முறிந்தது. வுவாசன் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை வைக்கும் இரட்டை இறக்கைப் பெட்டி அமைப்பின் பக்கம் போனார். பிளேரியோ 1907 முதல் ஒற்றை இறக்கையைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய விமானங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஐந்தாம் எண் வால் முன்னால் இருந்த வாத்து வடிவம், கொஞ்ச நாளில் நொறுங்கியது. ஆறாவதில் முன்னும் பின்னுமாக இரண்டு ஜோடி இறக்கைகள். ஏழாவது 1907 டிசம்பர் தொடக்கத்தில் 500 மீட்டருக்கு மேல் பறந்து, அதே மாதம் உடைந்தது. எட்டாவது, 1908 அக்டோபர் 31 அன்று தூரி என்ற ஊரிலிருந்து ஆர்த்தனே வரை சுமார் 14 கிலோமீட்டர் போய், வழியில் இறங்கி ஏறித் திரும்பியும் வந்தது. ஒன்பதும் பத்தும் தேறவில்லை.

இந்தப் பட்டியலை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உடைத்து, பார்த்து, மாற்றி, மறுபடி உடைத்துக் கற்றுக்கொள்வதுதான் இந்தத் தொழிற்சாலையின் முறை. உடைப்பவர் நிறுவனராகவே இருந்தவரை அது ஓடியது. வேகம் குறைவு, உயரம் குறைவு, விழுந்தாலும் எழுந்து வந்துவிடுவார். அடுத்தவருக்கு விற்கத் தொடங்கிய பிறகும் அதே முறை தொடர்ந்ததுதான் சிக்கல்.

பதினொன்றாவது விமானம்

பதினொன்றாம் எண் விமானம் 1908 டிசம்பரில் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டு, 1909 ஜனவரி 23 அன்று ஈசி-லே-மூலினோ மைதானத்தில் முதலில் பறந்தது. வடிவமைப்பில் ரேமோன் சொல்னியே என்ற இளம் பொறியாளருக்கும் பங்குண்டு. பின்னாளில் மொரான்-சொல்னியே கம்பெனியை நிறுவியவர்களில் இவரும் ஒருவர்.

அதன் எலும்புக்கூட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

உடல், ஆஷ் மரச்சட்டங்களைக் கம்பியால் இழுத்துக் கட்டிய நீளமான பெட்டி. முன்பாதிக்கு மட்டும் துணி, பின்பாதி திறந்தே கிடக்கும். இறக்கை விரிவு சுமார் 7.8 மீட்டர், பரப்பு 14 சதுர மீட்டர். ஒவ்வொரு இறக்கைக்குள்ளும் நீளவாக்கில் இரண்டு மரச்சட்டங்கள், முன்சட்டம் ஒன்று, பின்சட்டம் ஒன்று. அவற்றின் குறுக்கே விலாக்கள், அதன்மேல் துணி. இந்தச் சட்டங்கள் தனியாக நின்று பாரம் தாங்கக் கூடியவை அல்ல. கம்பிகள்தான் தாங்கின.

கீழ் கம்பிகள் இறக்கையிலிருந்து உடலின் அடிப்பக்கச் சட்டகத்துக்கு ஓடின. பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்கும். அது மடங்கிப் போகாமல் இவை இழுத்துப் பிடிக்கும். மேல் கம்பிகள் விமானிக்கு முன்னால் நின்ற எஃகுக் குழாய்க் கூம்பின் உச்சிக்குப் போயின. தரையில் நிற்கும்போது இறக்கை தொங்காமலும், இறங்கும் அதிர்ச்சியில் கீழே மடியாமலும் இவை பார்த்துக்கொள்ளும். மேல் கம்பிகளின் வேலை அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இன்னொரு நுணுக்கம் பின்சட்டத்தில் இருந்தது. ரைட் சகோதரர்களின் விமானம் 1908 ஆகஸ்டில் லே மான் அருகே பறந்ததை நேரில் பார்த்த பிறகு, பிளேரியோ இறக்கையையே முறுக்கித் திருப்பும் முறைக்கு வந்தார். விமானியின் முழங்கால்களுக்கு நடுவே நின்ற கழியின் அடியில் கவிழ்த்த மணி போல ஒரு உலோகக் கிண்ணம் இருந்தது. கட்டுப்பாட்டுக் கம்பிகளை அதன் விளிம்பில் முடிந்திருப்பார்கள். கழியை ஒருபக்கம் சாய்த்தால் ஒரு இறக்கையின் பின்விளிம்பு இறங்கும், மறுபக்கத்தில் ஏறும். அழகான வேலைதான். ஆனால் இதற்குப் பின்சட்டம் அசைய வேண்டும், அதை முறுக்காக நிலைநிறுத்திக் கட்ட முடியாது. ஆக, உறுதியான பிடி முன்சட்டத்தின் கம்பிகளில் மட்டும்.

விற்பனையும் வேகமும், 1909–1910

1909 ஜூலை 25 விடியற்காலையில் பிளேரியோ கலே அருகிலிருந்து கிளம்பி, 36 அல்லது 37 நிமிடத்தில் டோவர் கோட்டைக்குப் பக்கத்தில் வந்து விழாத குறையாக இறங்கினார். சக்கரச் சட்டமும் முன்விசிறியும் உடைந்தன. சில வாரம் முன்பு இன்னொரு விமானத்தில் புகைக்குழாய்க் காப்பு கழன்று பாதம் வெந்துபோயிருந்தது. அந்தக் காலோடுதான் இந்தப் பயணம். எஞ்சின் மூன்று சிலிண்டர் அன்சானி, 25 குதிரைத் திறன். லண்டன் பத்திரிகை அறிவித்திருந்த 1,000 பவுண்டு பரிசு கிடைத்தது. கையிருப்பு கரைந்துகொண்டிருந்த தொழிற்சாலைக்கு அதைவிடப் பெரிதாகக் கிடைத்தது ஆர்டர். செப்டம்பர் முடிவதற்குள் 100-க்கு மேல், விலை 10,000 ஃபிராங்க்.

இங்கேதான் நிலைமை மாறியது. ஒரு மனிதர் 25 குதிரைத் திறனில், அமைதியான காற்றில் பறப்பதற்காகக் கட்டிய சட்டகம், பல பேர் கைக்குப் போயிற்று. அவர்கள் போட்டிகளில் பறந்தார்கள், பரிசுப் பணம் வேகத்துக்குத்தான் கிடைத்தது. அன்சானியைக் கழற்றிவிட்டு 50 குதிரைத் திறன் நோம் சுழல் எஞ்சினைப் பூட்டினார்கள். 1909 ஆகஸ்டில் பிரான்ஸின் ரெய்ம்ஸ் நகரில் நடந்த விமான விழாவில் பிளேரியோவே தம் பன்னிரண்டாம் எண் விமானத்தில் வைத்த வேகச் சாதனை மணிக்கு சுமார் 77 கிலோமீட்டர். 1910 ஜூலையில் அதே ரெய்ம்ஸில் ஒரு பிளேரியோ விமானம் 106-ஐத் தொட்டது.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 77-லிருந்து 106 என்றால் வேகம் ஒன்றரை மடங்குகூட இல்லை, ஆனால் அதே கோணத்தில் இறக்கை மீது வரும் விசை ஏறக்குறைய 1.9 மடங்கு. பதினொரு மாதத்துக்குள் பாரம் இரட்டிப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மேல் கம்பியின் கணக்கை யாரும் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முதல் விபத்து: எஞ்சின் மீது பழி

1910 ஜனவரி 4. போர்தோ அருகே ஒரு மைதானம். பறந்தவர் அனுபவசாலி, அதற்கு முன் வுவாசன் விமானங்களில் பெயர் எடுத்தவர். அவருடைய பிளேரியோவில் நோம் எஞ்சின் பூட்டப்பட்டிருந்தது. பறக்கும்போதே இறக்கை முறிந்தது. அவர் அந்த இடத்திலேயே இறந்தார்.

சொல்லப்பட்ட காரணம்: சட்டகத்துக்குப் பொருந்தாத அளவு பெரிய எஞ்சின். இதில் உண்மை இல்லாமல் இல்லை. வேகம் கூடியது எஞ்சினால்தான். ஆனால் இந்த விளக்கத்தில் எல்லோருக்கும் ஒரு வசதி இருந்தது. எஞ்சினை மாற்றியது வாங்கியவர், ஆகவே தவறு வாங்கியவருடையது. தொழிற்சாலையின் வரைபடத்தைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. இறக்கை எந்தப் பக்கமாக மடங்கியது, எந்தக் கம்பி முதலில் அறுந்தது என்று யாரும் ஆழமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லக் கருவியும் இல்லை, முறையும் இல்லை. விபத்து விசாரணை என்ற துறையே அப்போது பிறக்கவில்லை. இதைத் தொழிற்சாலைக்குச் சாதகமாகவே சொல்கிறேன்.

இரண்டாவது விபத்து: சட்டத்தைத் தடிமனாக்கினார்கள்

1910 செப்டம்பர் 23 அன்று ஒரு இளம் விமானி, பிளேரியோ விமானத்தில் சுவிட்சர்லாந்தின் பிரிக்கிலிருந்து கிளம்பி சிம்ப்ளோன் கணவாயைத் தாண்டினார். ஆல்ப்ஸ் மலையை விமானத்தில் முதலில் கடந்தவர் அவர்தான். இத்தாலியப் பக்கம் தோமோதோசோலாவில் காத்திருந்த கூட்டம் அவர் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தரைக்குச் சில மீட்டர் உயரத்தில் இறக்கைகள் மடங்கின. நான்கு நாள் உயிரோடு இருந்து இறந்துபோனார்.

இந்த முறை எஞ்சினைக் குறை சொல்லி முடித்துக்கொள்ள முடியவில்லை. மலைக்காற்று சட்டங்களை ஏற்கெனவே பலவீனமாக்கியிருக்கலாம் என்ற எண்ணம் நியாயமாகவே பட்டது. தொழிற்சாலை இறக்கைச் சட்டங்களைப் பலப்படுத்தியது. பிறகு இன்னொரு விபத்து. சட்டங்களை மறுபடியும் பலப்படுத்தினார்கள்.

இந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பது புரியாத புதிர் அல்ல. விழுந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிவது முறிந்த மரம். கம்பியோ அறுந்து, சுருண்டு, குவியலுக்குள் கிடக்கும். தரையில் மோதியதில் அறுந்ததா, வானத்திலேயே அறுந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். முறிந்தது மரம், ஆகவே மரத்தைத் தடிமனாக்கு. எந்தப் பட்டறையிலும் முதலில் தோன்றுவது இதுதான்.

ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று இருந்தது. ஆல்ப்ஸ் விபத்து, விமானம் முழு வேகத்தில் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது நடக்கவில்லை. இறங்கும்போது நடந்தது.

ராணுவம் வாங்கத் தொடங்கியது

இதற்கிடையே வாடிக்கையாளர் மாறிவிட்டார். விளையாட்டுப் பிரியர்களும் பரிசுப் பறப்பாளர்களும் ஒதுங்க, ராணுவம் பெரிய கொள்முதலாளி ஆனது. 1911 அக்டோபர் 23 அன்று லிபியாவில் ஒரு இத்தாலிய அதிகாரி பிளேரியோ விமானத்தில் எதிரி நிலைகளின் மேல் பறந்து வேவு பார்த்தார், போரில் விமானத்தின் முதல் பயன்பாடு அது. பிரெஞ்சு ராணுவம் அதே ஆண்டு ரெய்ம்ஸில் நடத்திய ராணுவ விமானப் போட்டியில் நியூபோர் கம்பெனி முதலிடத்தைத் தட்டிச் சென்றது. எட்டாம் எண்ணோடு கிராமங்களைத் தாண்டியவருக்கு இப்போது பக்கத்திலேயே போட்டி.

பிரான்ஸின் போ (Pau), எதாம்ப் என்ற இரண்டு ஊர்களில் கம்பெனி நடத்திய பயிற்சிப் பள்ளிகளில் ராணுவ அதிகாரிகளும் படித்தார்கள். தனிமனிதர் ஒருவர் தம் பணத்தில் வாங்கி விழுவது வேறு. அரசு கொடுத்த விமானத்தில் அதிகாரி விழுவது வேறு. பின்னதற்கு அமைச்சகம் பதில் சொல்ல வேண்டும்.

1912: நிறுத்தமும் அறிக்கையும்

பிளேரியோ விமானங்களில் நடந்த நான்கு விபத்துகளைத் தொடர்ந்து, 1912 பிப்ரவரியில் பிரெஞ்சு ராணுவம் தன்னிடமிருந்த ஒற்றை இறக்கை விமானங்கள் அத்தனையையும் தரையில் நிறுத்தியது. பிளேரியோவை மட்டும் அல்ல, எல்லாக் கம்பெனிகளின் ஒற்றை இறக்கை விமானங்களையும். இரட்டை இறக்கை செய்பவர்களுக்கு இது வேண்டியிருந்தது. ஒற்றை இறக்கை என்பதே ஆபத்தான வடிவம் என்று முன்பிருந்தே பேசி வந்தவர்கள் உண்டு.

இந்த நேரத்தில் பிளேரியோ அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் சாரம் மூன்றே விஷயம். சட்டங்களின் பலம் பிரச்சினை இல்லை. பறக்கும்போது இறக்கை கீழ்நோக்கியும் அழுத்தப்படுகிறது, அந்த விசையைக் குறைவாக எடைபோட்டுவிட்டார்கள். மேல் கம்பிகளைப் பலப்படுத்தினால் தீரும்.

யாருமே எண்ணாத திசை அது. தென்னோலைப் பந்தல் போடுபவர் பந்தல்காலை ஊன்றுவது பாரத்துக்கு, கயிற்றை இழுத்துக் கட்டுவது அடியில் புகும் காற்றுக்கு. இரண்டு திசையும் அவர் கணக்கில் உண்டு. விமானத்தில் கீழிருந்து தூக்கும் விசைக்கு மட்டும் கணக்கு இருந்தது. மேலிருந்து அமுக்கும் விசைக்கு, தரையில் நிற்கும்போது உள்ள எடையும் இறங்கும்போது படும் குலுக்கலும்தான் அளவு.

மேலிருந்து அமுக்கும் விசை எப்போது வரும்? எஞ்சினைக் குறைத்துவிட்டு மூக்கைத் திடீரென்று கீழே தள்ளி இறங்குவது அன்றைய வழக்கம். அப்போது வேகம் ஏறும், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் சுருங்கும், இன்னும் தள்ளினால் பூஜ்யத்துக்கும் கீழே போகும். காற்று அப்போது இறக்கையின் முதுகில் அடிக்கும். மேலிருந்து வரும் ஒரு காற்றுக் குத்தலும் இதையே செய்யும்.

இன்றைய புரிதலில் இன்னொன்றையும் சேர்க்கலாம். அந்தக் காலத்து இறக்கை மெல்லியது, நன்றாக வளைந்தது. கோணம் சிறிதாகும்போது அப்படிப்பட்ட இறக்கையில் தூக்கு விசையின் மையம் பின்னால் நகரும். பின்சட்டம் மேலே தூக்கப்பட, முன்சட்டம் கீழே அமுக்கப்படும். இறக்கை மொத்தத்தில் தூக்கிக்கொண்டிருக்கும்போதே முன்சட்டத்தின் மேல் கம்பி விறைத்து நிற்கும். மையம் நகர்வதால் வரும் முறுக்கையும் தடுக்க அந்தப் பின்சட்டத்தில் உறுதியான பிடி இல்லை. அது முறுக்குவதற்காகவே தளர விடப்பட்டது.

கம்பியின் சாய்வும் எதிராக இருந்தது. கூம்பு குட்டையாக இருந்தால் மேல் கம்பி ஏறக்குறையப் படுத்தபடி ஓடும். ஓர் உதாரணக் கணக்கு, இந்த விமானத்தின் அளவு அல்ல: 45 டிகிரிச் சாய்வில் இருக்கும் கம்பி 100 கிலோ கீழ் இழுப்பைத் தாங்க வேண்டுமானால் அதில் ஏறும் இழுவிசை சுமார் 141 கிலோ. 15 டிகிரி என்றால் 386 கிலோ. இரட்டை இறக்கை விமானத்தில் இரண்டு தளங்களுக்கு நடுவே நல்ல உயரம் இருப்பதால் கம்பிக்குச் சாய்வு கிடைக்கும். ஒற்றை இறக்கைக்கு அந்தச் சலுகை இல்லை.

சோதிக்கும் முறையும் இந்தக் குறையை மறைத்தது. இறக்கையின் பலம் பார்க்க அக்காலத்தில் செய்வது இதுதான்: விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, இறக்கையின் அடிப்புறத்தில் மணலைக் கொட்டி எடை ஏற்றுவார்கள். பறக்கும்போது மேலே தூக்கும் விசைக்கு அது ஈடு. இந்தச் சோதனையில் பாரம் ஏறுவது கீழ் கம்பிகள் மேல். எத்தனை முறை மணல் கொட்டினாலும் மேல் கம்பி தளர்ந்துதான் கிடக்கும்.

முடிவு எப்படி எடுக்கப்பட்டது

பிளேரியோ முன்னால் இருந்த வழிகள் என்னவென்று பார்க்கலாம். விபத்துகளை விமானிகளின் தவறு என்று சொல்லியிருக்கலாம். முரட்டுத்தனமாக மூக்கைத் தள்ளினார்கள் என்று சொன்னால் அது பொய்யாகவும் இருந்திருக்காது. மூன்றாம் முறையும் சட்டத்தைத் தடிமனாக்கி, புதிய ரகம் என்று விற்றிருக்கலாம். சத்தமில்லாமல் மேல் கம்பியை மட்டும் மாற்றிவிட்டு, பழைய விமானங்களைப் பற்றி வாய் திறக்காமல் இருந்திருக்கலாம்.

அவர் செய்தது, தம் மிகப் பெரிய வாடிக்கையாளரிடம் போய், கோளாறு அமைப்பில் இருக்கிறது, அது ஒற்றை இறக்கை விமானங்களுக்குப் பொதுவானது என்று எழுத்தில் கொடுத்தது. இதைப் பெருந்தன்மை என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. பாதி ஒத்துக்கொள்ளலாம். மறுபாதி வியாபாரம்: ராணுவம் ஒற்றை இறக்கையைக் கைவிட்டால் இழப்பு அதிகம் அவருக்குத்தான். தடை நீங்க ஒரே வழி, ராணுவம் நம்பக் கூடிய காரணமும் ராணுவமே சோதித்துப் பார்க்கக் கூடிய திருத்தமும். அவர் இரண்டையும் கொடுத்தார். நோக்கம் எதுவானாலும் அறிக்கை சரியாக இருந்தது.

ராணுவம் அதைக் கேட்டவுடன் தலையாட்டிவிடவில்லை. அவருடைய விளக்கத்தைச் சோதித்துப் பார்த்தது, சோதனைகள் அதையே காட்டின. மேல் கம்பிகள் பலப்படுத்தப்பட்டன. 1912-லேயே தடை நீங்கியது. கம்பெனியின் பெயர் கெடவில்லை, கூடத்தான் செய்தது.

தொடர்ந்து நடந்தவை

அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனில் சில நாள் இடைவெளியில் இரண்டு ஒற்றை இறக்கை விமானங்கள் விழுந்தன, ஒன்று டெபெர்டூசன், மற்றது பிரிஸ்டல் கம்பெனியுடையது. இரண்டும் பிளேரியோ அல்ல. பிரிட்டிஷ் ராணுவப் பிரிவு ஒற்றை இறக்கையை நிறுத்தி வைத்தது. கடற்படைப் பிரிவு நிறுத்தவில்லை. தடை சில மாதமே நீடித்தாலும் அதன் நிழல் நீளமாக விழுந்தது. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர்கள் இரட்டை இறக்கையை விட்டு வெளியே வர வெகுகாலம் பிடித்தது. பிரான்ஸில் காரணத்தைத் தேடித் திருத்தினார்கள். பிரிட்டனில் வடிவத்தின் மீதே சந்தேகம் ஒட்டிக்கொண்டது.

மேல் கம்பிக்கு உண்மையான பரீட்சை 1913-ல் வந்தது. கம்பெனியில் சேர்ந்திருந்த ஒரு விமானி, ஆகஸ்ட் 19 அன்று பழைய பிளேரியோ ஒன்றிலிருந்து பாராசூட்டில் குதித்தார். ஆள் இல்லாத விமானம் தன் போக்கில் காற்றில் புரண்டதைக் கீழே இறங்கிக்கொண்டே பார்த்தவர், இதை ஏன் ஆளோடு செய்யக் கூடாது என்று கேட்டார். மேல் கட்டுமானம் பலப்படுத்தப்பட்ட ஒரு பதினொன்றாம் எண் விமானத்தில், தம்மைப் பட்டையால் கட்டிக்கொண்டு, செப்டம்பர் 1 அன்று ஜுவிசியில் தலைகீழாகப் பறந்தார். செப்டம்பர் 21 அன்று புய்க் மைதானத்தில் முழு வட்டம் அடித்தார். (வட்டம் அடித்ததில் அவர் முதலாமவர் அல்லர், பன்னிரண்டு நாள் முன்பே கியேவில் ஒரு ரஷ்ய அதிகாரி நியூபோர் விமானத்தில் அதைச் செய்துவிட்டார்.) தலைகீழாகப் பறக்கும்போது விமானத்தின் முழு எடையும் மேல் கம்பிகளில்தான் தொங்கும். மூன்றாண்டு முன்பு யாரும் எண்ணிப் பார்க்காத பாரத்தை இப்போது கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது.

பதினொன்றாம் எண் விமானம் முதல் உலகப் போரின் தொடக்க மாதங்களில் வேவுப் பணியில் பறந்து, சீக்கிரமே பழையதாகி, பயிற்சிக்குப் போனது. போருக்கு முன் கம்பெனி செய்த சுமார் 900 விமானங்களில் பெரும்பாலானவை அதன் வகைகளே. நிறுவனர் மோசடி வழக்கில் சிக்கித் தடுமாறிய டெபெர்டூசன் கம்பெனியை பிளேரியோ தலைமையிலான குழு எடுத்துக்கொண்டது. அங்கே வடிவமைப்பாளராக இருந்த லூயி பெஷரோவின் கையிலிருந்து வந்தவைதான் ஸ்பாட் 7, ஸ்பாட் 13 போர் விமானங்கள். இரண்டுமே இரட்டை இறக்கை. ஒற்றை இறக்கைக்காக வாதாடியவரின் கம்பெனி, பணம் பார்த்தது இரட்டை இறக்கையில்.

1933-ல் பிளேரியோ 110 என்ற ஒற்றை இறக்கை விமானம் நியூயார்க்கிலிருந்து லெபனானின் ராயக் வரை 9,104 கிலோமீட்டர் நிற்காமல் பறந்து தூரச் சாதனை செய்தது. 1936-ல் பிளேரியோ இறந்தார். அதையொட்டி நடந்த தேசியமயமாக்கலில் கம்பெனி அரசு நிறுவனத்துக்குள் கரைந்தது. கால்வாயைத் தாண்டிய விமானம் பாரிஸில் ஆர் எ மெத்தியே அருங்காட்சியகத்தில் இன்றும் தொங்குகிறது. கூம்பும் கம்பிகளும் வெளிப்படையாகத் தெரியும். போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கலாம்.

மாற வேண்டியிருந்தவை

முதலாவது, ஜனவரி 1910 விபத்தின் விளக்கம். பெரிய எஞ்சின் என்பது தூண்டுதல், முறிந்த உறுப்பு எது என்பதற்கு அது பதில் ஆகாது. விளக்கம் யாருக்கு வசதியாக இருக்கிறது என்று அப்போதே ஒரு ஆள் கேட்டிருந்தால் வரைபடத்தைத் திறந்திருப்பார்கள். இதற்குப் புதிய அறிவியல் தேவையில்லை.

இரண்டாவது, திருத்தம் பலித்ததா என்று பார்க்கும் ஏற்பாடு. சட்டத்தைப் பலப்படுத்திய பிறகும் அதே மாதிரி முறிவு வந்தால், பலப்படுத்திய இடம் தவறு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். தொழிற்சாலை அதை, போதுமான அளவு பலப்படுத்தவில்லை என்று படித்தது. என் பார்வையில் இந்த நிகழ்வின் மையத் தவறு இதுதான். மற்றவை காலத்தின் அறியாமை, இது சிந்தனையின் சறுக்கல்.

மூன்றாவது, சோதனை. விமானத்தைக் கவிழ்த்து மணல் கொட்டிய அதே பட்டறையில், நிமிர்த்தி வைத்து ஒருமுறை கொட்டியிருக்கலாம். செலவு கிடையாது, அரை நாள் வேலை.

வாங்கியவர் எஞ்சினை மாற்றுவதைத் தடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அதை நான் சேர்க்கவில்லை. பரிசுப் பணம் வேகத்துக்குக் கிடைக்கும்வரை எவரும் 25 குதிரைத் திறனோடு நிற்கப் போவதில்லை, கம்பெனியும் அந்த வேகத்தைக் காட்டித்தான் விற்றது. எஞ்சின் வளரும் என்று வைத்துக்கொண்டு கம்பியின் கணக்கைப் போட்டிருக்க வேண்டும். ரெய்ம்ஸில் 106 கிலோமீட்டர் வேகம் பதிவான 1910 ஜூலையிலாவது அதைச் செய்திருந்தால், ஆல்ப்ஸ் பறப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.